வலிக்கிற இடம் வேற!

‘‘எங்கே சார் வலிக்குது?’’

வலது நெற்றிப்பொட்டைத் தொட்டுக் காட்டினேன். அந்தப் பிசியோதெரபிஸ்ட் பெண், கை மரத்துப் போகிறதா, நடை தள்ளாடுகிறதா என்று கேட்டார். இல்லை என்றதும், தோளும் கழுத்தும் சேர்கிற இடத்தில் கட்டைவிரலை வைத்து ஓர் அழுத்து. சுளீரென்று நெற்றிப்பொட்டில் அதே வலி!

‘‘குடியிருக்கிறது இங்கே சார். கதவைத் தட்டுறதுதான் அங்கே!’’

நோணாங்குப்பத்தில் என் அக்கா வீடு. ஊரே சுண்ணாம்பாற்றில் படகு விட வருகிறது. நான் தலையைப் பிடித்துக்கொண்டு போனேன். ‘‘ரெண்டு தெரு தள்ளித்தான்டா, வா’’ என்று இழுத்துப்போனது அக்காதான்.

இரண்டு வருஷத் தலைவலி. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள். ஒன்றுமில்லை என்றால் வலிப்பது எது? மண்டைக்குள் கட்டியோ என்ற பயத்தை யாரிடமும் சொன்னதில்லை. வலி மாத்திரை அட்டைகளை மனைவிக்குத் தெரியாமல் ஆபீஸ் பையில் ஒளித்து வைத்திருந்தேன்.

ஜேனட் டிராவல் என்று ஒரு டாக்டர் அம்மா. கென்னடியின் முதுகுவலிக்கு வைத்தியம் பார்த்து, 1961-ல் வெள்ளை மாளிகை டாக்டரே ஆனவர். எந்தத் தசையில் முடிச்சு விழுந்தால் வலி எங்கே போய்த் தெரியும் என்று, டேவிட் சைமன்ஸுடன் சேர்ந்து 1983-ல் படம் போட்டுப் புத்தகமே எழுதினார். அந்த முடிச்சு உண்மையில் என்ன என்பதில் டாக்டர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை.

‘‘சலூன்ல கழுத்தைத் திருப்பி ‘டக்’குனு சொடக்கு எடுப்பாங்களே, அது நல்லதாம்மா?’’

‘‘வேண்டவே வேண்டாம் சார். கழுத்தெலும்பு ஓட்டை வழியாத்தான் மூளைக்கு ரத்தக்குழாய் போகுது. வெடுக்குனு திருப்பினா உள்சுவர் கிழியலாம். அபூர்வம்தான்... ஆனா, நடந்துட்டா பக்கவாதம்!’’

அந்தச் சொடக்குக்காகவே மாசாமாசம் டிப்ஸ் கொடுத்தவன் நான்!

‘‘நான் அமுக்கினா நாலு நாள் தாங்கும். மிச்சம் உங்க கையில்தான். அரை மணிக்கு ஒரு தரம் எழுந்திருங்க. மோவாயை உள்ளே இழுத்து அஞ்சு எண்ணுங்க. தோளைச் சுழட்டுங்க.’’

நான் பி.காம். அசலைத் தொடாமல் வட்டி மட்டும் கட்டினால் கடன் தீராது என்று படித்தவன். இத்தனை நாள் மாத்திரையால் கட்டியது வட்டி!

அன்று ராத்திரி, அட்டைகளை எடுத்து மனைவி கையில் கொடுத்தேன். ஒவ்வொன்றாக எண்ணினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். பேசாமல் பின்னால் வந்து தோளில் கை வைத்தாள்.

‘‘இங்கேயா?’’

‘‘இன்னும் கொஞ்சம் மேலே!’’