நிஜப் பாம்பும் நகைப் பாம்பும்

கார்ட்டூன் நாயகன் சோட்டா பீமுக்கு ஒரு லட்டு போதும். வாயில் போட்ட அடுத்த நொடியில் புஜம் புடைக்கும்; வம்புக்கு வரும் காளியா பறந்துபோய்ச் சுவரில் அப்பிக்கொள்வான். 2008-இல் போகோ டிவியில் வந்த நாளிலிருந்து, இது எப்படி நடக்கும் என்று எந்தக் குழந்தையும் கேட்டதாகத் தெரியவில்லை. 2024 மே 31-இல் அதே பீம் ரத்தமும் சதையுமாகத் திரைக்கு வந்தான். ஹைதராபாத் ராஜீவ் சிலகா, தமது கிரீன் கோல்டு நிறுவனம் 2012-இல் கார்ட்டூனாக வெளியிட்ட கதையையே நிஜ நடிகர்களை வைத்து மறுபடி எடுத்திருந்தார். பீமாக யக்ஞ பாசின், குரு சம்புவாக அனுபம் கேர். பையன் மேல் குறை சொல்ல முடியாது. கேருக்கு என்ன, தாடி ஒட்டினால் எந்த ஆசிரமத்துக்கும் பொருந்துவார். லட்டுதான் வேலை செய்யவில்லை. நிஜப் பையன் லட்டைக் கையில் எடுத்தால், முதலில் கை கழுவினானா என்றுதான் அம்மாக்களுக்குத் தோன்றும்.

ஹாலிவுட்டுக்கும் இதே தலைவலி உண்டு. 1980-இல் ராபர்ட் ஆல்ட்மன் எடுத்த 'பாப்பாய்' படத்தில் ராபின் வில்லியம்ஸின் முழங்கைக்குக் கீழே ரப்பர் சதையை ஒட்டினார்கள். கோட்டுச் சித்திரத்தில் அந்தக் கை, மாலுமி பாப்பாய் தின்னும் பசலைக்கீரையின் மகிமை. திரையில் பார்த்தால், யாராவது இந்த மனுஷனை டாக்டரிடம் கூட்டிப் போகக் கூடாதா என்று இருக்கிறது. அந்தப் படத்துக்காக மால்டா தீவில் கட்டிய மரக் கிராமம் மட்டும் இன்றுவரை சுற்றுலாத் தலமாகப் பிழைத்துக்கொண்டிருக்கிறது.

கார்ட்டூனை நிஜமாக்கும் இந்த வழக்கில் உருப்படியான தீர்ப்பு ஒன்று தமிழில் எப்போதோ எழுதப்பட்டுவிட்டது. எழுதியவர் அதைத் தீர்ப்பாக நினைத்து எழுதவில்லை என்பதுதான் வேடிக்கை.

புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையைப் படித்தவர்களுக்குப் பிராட்வே முனையும் காப்பியும் ஆயுள் சந்தாவும் நினைவிருக்கும். நடுவில் வருகிற நாட்டியக் காட்சியைப் பலரும் அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள். பூலோகத்தில் தங்கிவிட்ட கடவுளுக்குப் பிழைக்க ஒரு தொழில் வேண்டும். தெரிந்த தொழில் கூத்து. தேவியும் துணைக்கு வந்தாகிவிட்டது. கந்தசாமிப் பிள்ளை இருவரையும் திவான் பகதூர் பிருகதீசுவர சாஸ்திரிகளிடம் அழைத்துப் போகிறார்; கலையைக் காப்பதற்கென்றே ஒரு மண்டலி வைத்திருக்கிற மனிதர். கடவுள் அசல் புலித்தோலை உடுத்தி, அசல் பாம்புகளை அணிந்து, தம் ஆட்டத்தை அங்கே ஆடத் தொடங்குகிறார். சாஸ்திரிகள் அதட்டி நிறுத்துகிறார். அவர் சொல்லும் காரணத்தைக் கவனிக்க வேண்டும்: பாம்பு வேஷத்துக்குப் பாம்பையே பிடித்துவருவதா? பாம்பைப் போல நகை செய்து போட்டுக்கொள்ள வேண்டும். புலித்தோலைப் போலத் தெரிகிற பட்டு கட்டிக்கொள்ள வேண்டும். சாட்சாத் பார்வதி பரமேசுவரரே வந்து இப்படி ஆடினாலும் அது நாட்டிய சாஸ்திரத்துக்கு ஒத்துவராது. பிறகு, குழந்தைகள் நடமாடுகிற இடம், முதலில் பாம்புகளைக் கூடையில் போட்டு மூடு என்கிறார்.

சிரிக்கிறோம். சிரிப்பதற்காகத்தான் புதுமைப்பித்தன் அந்த மனிதரை நிறுத்தியிருக்கிறார்; எதிரே நிற்பது கடவுள் என்று நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. ஆனால் கேலியைக் கொஞ்ச நேரம் ஒதுக்கிவைத்துவிட்டு யோசித்தால், திவான் பகதூர் சொன்னதில் தப்பு எங்கே? மேடையில் நிஜப் பாம்பு நெளிந்தால் ஆட்டத்தை யார் பார்ப்பார்கள்? எல்லார் கண்ணும் பாம்பின் மேல்தான் இருக்கும், அல்லது வாசல் எங்கே என்று தேடும். கார்ட்டூனைப் படமாக்குகிறவர்கள் திரும்பத் திரும்பச் செய்வது இதைத்தான். கோட்டில் இருந்த பாம்புக்கு ஈடாக அசல் பாம்பைப் பிடித்துவருகிறார்கள். ரப்பர் கையும் ஒருவகையில் அசல் பாம்புதான். நரம்பு, மயிர், மடிப்பு எல்லாம் வைத்து அத்தனை சிரத்தையாகச் செய்தது.

புதுமைப்பித்தனை எல்லோரும் திருநெல்வேலிக்காரர் என்றே சொல்வார்கள். அவர் 1906-இல் பிறந்தது கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில். அங்கே ரயில் ஏறினால் துறைமுகச் சந்திப்பு, ஆலப்பாக்கம், பரங்கிப்பேட்டை, கிள்ளை தாண்டிச் சிதம்பரம். கதையில் திவான் பகதூரிடம் தோற்ற நடராஜருக்குச் சொந்த ஊர். கூத்தரசனைக் கூத்துக்கு லாயக்கில்லை என்று திருப்பி அனுப்புகிற துணிச்சலுக்கு இந்தப் பக்கத்து ஊர் உறவும் ஒரு காரணம் என்று கடலூர்க்காரர்கள் சொல்லிக்கொண்டால் மறுப்பதற்கு ஆளில்லை.

நகைப் பாம்பைப் பிடித்த தமிழ்ப்படம் ஒன்று உண்டு. 2006-இல் ஷங்கர் தயாரிப்பில் வந்த 'இம்சை அரசன் 23-ஆம் புலிகேசி'. இயக்குநர் சிம்புதேவன் ஆனந்த விகடனில் கார்ட்டூன் போட்டவர். இன்ன கார்ட்டூனின் படவடிவம் என்று அதைச் சொல்ல முடியாது. தமிழ்ப் பத்திரிகைகள் தலைமுறை தலைமுறையாக அச்சடித்த மன்னர் ஜோக்குகள் அத்தனைக்கும் சேர்த்து ஒரே படம். போர் என்றால் புறவாசலைத் தேடும் ராஜா, தலையாட்டும் மந்திரி, பரிசிலுக்கு அலையும் புலவர் எல்லாரும் ஆஜர். வடிவேலுவின் மீசை முளைத்த மீசையாகத் தெரியாது, மையால் இழுத்துவிட்டதாகத் தெரியும். அரண்மனை அட்டை என்பது பளிச்சென்று தெரியும், ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை. வசனத்தைச் செந்தமிழில் எழுதியதுதான் பெரிய சாமர்த்தியம். ஒவ்வொருவரும் தலைக்கு மேல் பலூனில் எழுதியிருப்பதைப் பார்த்து ஒப்பிப்பதுபோலவே பேசுகிறார்கள். பலசாலி ஒருவனின் உடம்புக்கு மேல் தன் முகத்தை வைத்து ராஜா ஓவியம் வரையச் சொல்லும் காட்சி ஒற்றைக் கட்டத் துணுக்கு. படத்திலும் அதற்கு மேல் ஒரு கோடு இழுக்கவில்லை. இரண்டு சாதிக்காரர்கள் அடித்துக்கொள்ள மைதானமே கட்டித்தருகிற காட்சியில் மட்டும் சிரித்த வாய் பாதியில் நிற்கும். வட மாவட்டங்களில் இன்னும் கொஞ்சம் முன்னாலேயே நிற்கும்.

அதே இயக்குநர் 2010-இல் காமிக்ஸ் கௌபாய்களைக் கொண்டு 'இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்' எடுத்தார். முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும் படித்து வளர்ந்தவர்களுக்கு ஒவ்வொரு தொப்பியும் தெரிந்த தொப்பி. ஆனால் குதிரை நிஜம், புழுதி நிஜம். பாம்பு மறுபடி நெளிய ஆரம்பித்துவிட்டது.

படத்தில் நின்றவனை எழுப்பி நடக்கவைக்கும் இந்தக் கஷ்டம் சினிமாவுக்கு முந்தையது. சிதம்பரம் கோயில் கோபுர வாசல்களில் நாட்டிய சாஸ்திரம் சொல்லும் 108 கரணங்களைக் கட்டம் கட்டமாகச் செதுக்கியிருக்கிறார்கள். கட்டத்துக்கு ஒரு நடனப் பெண். கிழக்கு, மேற்கு வாசல்களில் அந்தந்தக் கரணத்துக்குரிய சுலோகம் கிரந்த எழுத்தில். படமும் பக்கத்தில் எழுத்தும்: சித்திரக்கதைக்கு வேறென்ன வேண்டும்? லலாட திலகம் என்று ஒன்று. கால் பின்புறமாக உயர்ந்து, விரல் நெற்றியில் பொட்டு வைக்கிறது. கல்லில் அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை. கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறவர்களுக்குத்தான் இடுப்பு பிடித்துக்கொள்கிறது.

நெடுநாள் இவற்றை அசையா நிலைகள் என்றே பலர் நினைத்தார்கள். நிலை என்றால் வேலை சுலபம். அதுபோல நின்று காட்டிவிட்டால் தீர்ந்தது. 1981 முதல் சிவராத்திரியை ஒட்டிச் சிதம்பரத்தில் நடக்கிற நாட்டியாஞ்சலி விழாவுக்கு வருகிற பெண்களும் அந்தக் கட்டங்களுக்கு முன்னால் அப்படித்தான் போட்டோவுக்கு நிற்கிறார்கள். நடனக் கலைஞர் பத்மா சுப்ரமணியம் வேறு வழியில் போனார். கரணம் என்பது ஓர் அசைவு, அதில் ஒரு நொடியைத்தான் சிற்பி பிடித்திருக்கிறான், அதற்கு முன்னும் பின்னும் உடம்பு எங்கே இருந்தது என்று சாஸ்திரத்திலிருந்து தேட வேண்டும் என்றார். சிற்பத்தைப் பார்த்து நகலெடுப்பதை விட்டுவிட்டு, விட்டுப்போன கட்டங்களைத் தம் உடம்பால் நிரப்பினார். மகாராஷ்டிரத்தில் சதாராவில் உத்தர சிதம்பரம் என்ற நடராஜர் கோயில் எழுந்தபோது, அங்கே கருங்கல்லில் வடிக்க வேண்டிய கரணங்களை வடிவமைத்துக் கொடுத்தவரும் அவரே. அசைவில் எந்த நொடியை நிறுத்துவது என்று சிற்பிகளுக்குச் சொல்ல, அந்த 108-ஐயும் ஆடிப் பார்த்த ஒருவர் இந்தத் தடவை பக்கத்திலேயே இருந்தார்.