ரோமாபுரியில் ஒரு கங்கை

சென்ற இதழில் பிளாரன்ஸ் நகரத்திலிருந்து இரவு பஸ் ஏறியதோடு நிறுத்தியிருந்தேன். விடியற்காலையில் ரோமாபுரி வந்து சேர்ந்து, தெர்மினி ரயில் நிலையத்துக்கு அருகில் ஏற்பாடு செய்திருந்த இளைஞர் விடுதியில் முதுகுச் சுமையை ஒப்படைத்துவிட்டு, ஒரு தண்ணீர்ப் புட்டியையும் நகரப் படம் ஒன்றையும் மட்டும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். படுக்கை பிற்பகலில்தான் காலியாகும் என்று விடுதிக்காரர்கள் சொன்னார்கள். பகலில் படுத்துக்கொள்வதற்காக ஒருவன் இவ்வளவு தூரம் வருவதில்லையாதலால் அதில் எனக்கு ஒன்றும் சங்கடம் தோன்றவில்லை.

இத்தாலி தேசத்துக் காப்பிக் கடைகளில் ஒரு விசேஷம் உண்டு. மேடையருகே நின்றபடி குடித்தால் ஒரு விலை. அதே காப்பியை நாற்காலியில் உட்கார்ந்து குடித்தால் அதைவிட அதிக விலை. செல்வர்களுக்கு ஆசனமும், மற்றவர்களுக்குக் கால்களும் ஆண்டவன் கொடுத்திருக்கிறான் என்று எண்ணி, நின்றே இரண்டு மடக்கில் குடித்துவிட்டு நடந்தேன். தெரு முனையில், இடுப்பளவு உயரத்தில், வார்ப்பிரும்பினால் ஆன ஒரு தூணிலிருந்து வளைந்த குழாய் வழியாகத் தண்ணீர் இடைவிடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. திறப்பதற்கு அதில் திருகும் இல்லை. மூடுவதற்கு வழியும் இல்லை. 1874 முதல் நகரசபையார் நிறுவிவந்த இத்தகைய குழாய்கள் இன்று ஏறக்குறைய 2,500 இருக்கின்றன; ஜனங்கள் அவற்றுக்குப் 'பெரிய மூக்கு' என்று செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள். புட்டியை நிரப்பிக்கொண்டு நான் விலகியதும், பள்ளிக்கூடம் போகும் ஒரு சிறுவன் வந்து, குழாயின் வாயை விரலால் அடைத்தான்; வளைவின் மேற்புறத்தில் இருந்த சிறு துவாரத்தின் வழியாக நீர் வில்போல் மேலே எழும்ப, அதில் வாய் வைத்துக் குடித்துவிட்டு ஓடினான். அன்று முழுவதும் நானும் அவ்விதமே குடித்தேன்.

கொலோசியத்தைப் பற்றி எழுதாத யாத்திரிகர் இல்லையாதலால் சுருக்கமாகவே சொல்லுகிறேன். அதற்கும் பக்கத்திலுள்ள பழைய பொதுச் சதுக்கத்துக்கும் சேர்த்துச் சீட்டு 18 யூரோ. ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேர்ந்த வாலிபர்களுக்கு 25 வயது வரையில் அதே சீட்டு 2 யூரோதான். வாலிபம் என்பது பாஸ்போர்ட்டைப் பொறுத்த விஷயம் என்பதைச் சீட்டுக் கொடுத்தவர் மிக மரியாதையாக எனக்கு விளக்கினார். நீரோ சக்கரவர்த்தி தன் பொன் மாளிகைக்கென்று வெட்டிய ஏரி இருந்த இடத்தில் வெஸ்பேஷியன் தொடங்கி, அவன் குமாரன் டைட்டஸ் கி.பி. 80-இல் திறந்துவைத்த அந்த நீள்வட்ட அரங்கில் கீழ்த்தளத்து வாயில்கள் மட்டும் எண்பது. எஞ்சியிருக்கும் வெளிச் சுவரின் வளைவுகளுக்கு மேலே 23 முதல் 54 வரையில் ரோமானிய எண்கள் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன. சுவரெங்கும் அம்மை வடுப்போல் குழிகள் காணப்படுவதற்குக் காரணம் கால தேவனின் கொடுமை அல்ல. கற்களைப் பிணைத்திருந்த இரும்புப் பட்டைகளைப் பிற்காலத்தார் தோண்டி எடுத்துக்கொண்டு போனார்கள். மனிதர்களும் மிருகங்களும் மடிந்த இடத்தைக் கண்டு வியக்க என் மனம் ஒப்பவில்லை, வெளியே வந்துவிட்டேன்.

பழைய சதுக்கத்தில்தான் காலை முழுவதும் கழிந்தது. அங்கே என்னை வெகுநேரம் நிறுத்திவைத்தது ஒரு கதவு. அன்டோனினஸ் பயஸ் என்னும் சக்கரவர்த்தி, காலஞ்சென்ற தன் மனைவி ஃபாஸ்டினாவுக்காக கி.பி. 141-இல் எடுப்பித்த கோயிலின் பத்துப் பெருந்தூண்களுக்குப் பின்னால், பிற்காலத்துக் கிறிஸ்தவ ஆலயம் ஒன்று ஒண்டிக்கொண்டிருக்கிறது. அதன் பச்சை நிறமேறிய கதவோ, படிகளின் தலைப்பிலிருந்து ஓர் ஆள் எட்டித் தொட முடியாத உயரத்தில், அந்தரத்தில் தொங்குகிறது! ஆயிரம் ஆண்டுக் காலம் மண்ணும் குப்பையும் ஏறி ஏறிச் சதுக்கம் மேடிட்டு, மாடு மேயும் வெளியாகவும் மாட்டுச் சந்தையாகவும் மாறியிருந்த காலத்தில் அந்தக் கதவு தரைமட்டத்தில் இருந்தது. பிறகு அகழ்வாராய்ச்சிக்காரர்கள் மண்ணை அப்புறப்படுத்தவே, தரை கீழே போய்விட்டது, கதவு மட்டும் தன் பழைய இடத்தில் நின்றுவிட்டது. தூண்களின் மேற்பகுதியில் சாய்வாக விழுந்திருக்கும் தடங்கள், கயிறு கட்டி அவற்றை இழுத்துத் தள்ளப் பார்த்தவர்களின் கைவரிசை என்கிறார்கள். தூண்கள் அசையவில்லை.

அதற்குச் சற்றுத் தூரத்தில் மக்ஸென்ஷியஸ் சக்கரவர்த்தி கட்டத் தொடங்கிய மாபெரும் மண்டபத்தின் மூன்று கமான்கள் நிற்கின்றன. அந்த மண்டபத்துக்கு அடியில்தான் டொமிஷியன் சக்கரவர்த்தி காலத்து மிளகுக் கிடங்குகள் புதையுண்டிருக்கின்றன. முசிறித் துறையில் பொன்னை இறக்கிவிட்டு மிளகை ஏற்றிச் சென்ற யவனர் கலங்களைச் சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். அக்கலங்களின் சரக்கு வந்து அடைந்த இடங்களுள் ஒன்றின் மேல் நிற்கிறோம் என்ற நினைவு, அவ்வளவு பளிங்குக் கற்களும் உண்டாக்காத ஒரு பாத்தியதை உணர்ச்சியை எனக்குள் உண்டாக்கிற்று. கி.பி. 408-இல் இந்நகரத்தை முற்றுகையிட்ட கோத் இனத்து அரசன் அலாரிக், பொன்னும் வெள்ளியும் பட்டும் கேட்டதோடு நில்லாமல், 3,000 ராத்தல் மிளகும் கேட்டு வாங்கினான் என்பதை வாசகர்கள் மறக்கலாகாது.

இந்தச் சதுக்கத்துக்கு அடியில் இன்னொன்றும் ஓடுகிறது. தர்க்வின் அரசர்கள் காலத்ததாகச் சொல்லப்படும் பெருஞ்சாக்கடை அது. அகஸ்டஸின் பால்ய சிநேகிதனும் தளகர்த்தனுமான அக்ரிப்பா, கி.மு. 33-இல் நகர நிர்வாகப் பொறுப்பை ஏற்றபோது, சாக்கடைகளைச் செப்பனிட்டு, தானே ஒரு படகில் ஏறி அதன் வழியாகத் தைபர் நதி வரையில் சென்று பார்வையிட்டான் என்று சரித்திர ஆசிரியர் டியோ எழுதியிருக்கிறார். எத்தனையோ வெற்றி வளைவுகளைக் கண்டபின், சாக்கடைக்குள் படகேறிய இந்த மனிதனிடத்தில்தான் எனக்குப் பக்தி பிறந்தது.

மத்தியானம் பிட்சா சாப்பிட்டேன். நீண்ட தட்டிலிருந்து கத்தரிக்கோலால், துணிக்கடையில் சீட்டித் துணி வெட்டுவதுபோல், கேட்ட அளவு வெட்டி, தராசில் நிறுத்துக் கொடுக்கிறார்கள். உருளைக்கிழங்கு வைத்ததுதான் மலிவு, ருசிக்கும் குறைவில்லை.

பிற்பகலில் பாந்தியன். அதன் நெற்றியில் பெரிய எழுத்தில் பொறித்திருக்கும் பெயர் அக்ரிப்பாவினுடையது. ஆனால் அவன் கட்டிய கோயில் தீக்கிரையாகிவிட்டது. இன்று நாம் காண்பது ஏறக்குறைய கி.பி. 126-இல் ஹேட்ரியன் சக்கரவர்த்தி முடித்த கட்டடம். தான் எழுப்பிய ஆலயத்தில் தன் பெயரை விட்டுவிட்டு முன்னவன் பெயரைப் பொறித்த அரசன் எந்தத் தேசத்துக்கும் அபூர்வமானவன். உள்ளே பிரவேசித்ததும் கழுத்து தானாகவே பின்னுக்குச் சாய்கிறது. தரையின் குறுக்களவும் தரையிலிருந்து உச்சி வரையுள்ள உயரமும் ஒன்றாக, 43 மீட்டருக்குச் சற்று அதிகமாக இருக்கின்றன; இரும்புக் கம்பி ஒன்றும் உள்ளே இல்லாமல், மேலே போகப் போக எடை குறைந்த எரிமலைக் கற்களைக் கலந்து வார்த்த அந்தக் கும்மட்டத்தின் உச்சியில், மூடாத வட்ட வாயில் ஒன்று வானத்தைக் காட்டுகிறது. வெயில் ஒரு பெரிய தட்டாகச் சுவரில் விழுந்திருந்தது. மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும்; அதற்காகத் தரையைச் சற்றே மேடாக அமைத்து, பளிங்கில் 22 சிறு துவாரங்கள் துளைத்திருக்கிறார்கள். ஓவியர் ரபேலின் சமாதியருகே கூட்டம் நெருக்கியடித்தபோது, நான் குனிந்து அந்தத் துவாரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கி.பி. 609-இல் இதைக் கிறிஸ்தவ ஆலயமாக்கினார்கள். விளக்கும் வழிபாடும் நிற்காததனாலேயே மற்றக் கோயில்களுக்கு நேர்ந்த கதி இதற்கு நேரவில்லை என்பது என் அபிப்பிராயம்.

அங்கிருந்து சில நிமிஷ நடையில் நவோனா சதுக்கம். அதன் நடுவே, போப்பாண்டவர் பத்தாம் இன்னொசென்டின் ஆணைப்படி சிற்பி பெர்னினி அமைத்து 1651-இல் திறந்துவைத்த நீரூற்றில், நான்கு கண்டங்களுக்கு நான்கு நதிகளாக டான்யூப், நைல், ரியோ தெ லா பிளாதா ஆகியவற்றோடு நமது கங்கையும் அமர்ந்திருக்கிறாள் என்று படித்திருந்தேன். 'அமர்ந்திருக்கிறாள்' என்றா சொன்னேன்? அமர்ந்திருக்கிறான்! தாடியும் மீசையும் புஜபலமும் பொருந்திய ஓர் ஆடவன், நீண்ட துடுப்பொன்றைத் தாங்கி, பாறையின்மேல் சாய்ந்திருக்கிறான். நதி என்றாலே தாடி வைத்த தேவன் என்பது ரோமானியர் மரபு. தைபரும் அவர்களுக்கு ஆண்தான். கங்கா மாதா என்றே கேட்டு வளர்ந்த எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. மேற்கொண்டு பார்க்கப் பார்க்க, அந்தத் துடுப்பைப் பிடித்திருக்கும் அலட்சியத்தில், ஒரு தேசத்தையே சுமந்து செல்லும் நதிக்குரிய கம்பீரம் இருப்பதாகப் பட்டது. பஞ்ச காலத்தில் ரொட்டிக்கு வழியில்லாமல் நீரூற்று எதற்கு என்று ஜனங்கள் அப்போது முணுமுணுத்தார்களாம். அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு.

இந்தக் கங்கைக்கு நீர் கொடுத்தது எது என்று விசாரித்தால், மறுபடியும் அக்ரிப்பா! கி.மு. 19-இல் அவன் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தூரம், பெரும்பாலும் பூமிக்கு அடியிலேயே கொண்டுவந்த கால்வாய்தான், இடையில் பழுதுபட்டும் போப்பாண்டவர்களால் சீர்படுத்தப்பட்டும், இந்த ஊற்றுக்கும் த்ரேவி ஊற்றுக்கும் நீர் அளித்து வந்தது.

த்ரேவிக்குப் போனபோது விளக்கு ஏற்றியிருந்தார்கள். ஓசியானஸ் தேவனுக்குப் புறங்காட்டி நின்று, தோளுக்கு மேலாகக் காசு எறிந்தால் மீண்டும் ரோமாபுரிக்கு வரலாம் என்பது நம்பிக்கை. காசுகளை அள்ளித் தர்ம காரியங்களுக்குக் கொடுத்துவிடுகிறார்களாதலால் எறிபவர்களை நான் குறை சொல்லவில்லை. என்னிடமிருந்த சில்லறை மறுநாள் காலைக் காப்பிக்கு வேண்டியிருந்தது. ஓரத்தில், யாரும் படமெடுக்காத ஒரு சிறு குழாயில் குடிநீர் வருகிறது. புட்டியை அங்கே நிரப்பிக்கொண்டு விடுதிக்குத் திரும்பினேன்.

மறுநாள் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. அன்று வாடிகன் காட்சிசாலைகளுக்குக் கட்டணம் கிடையாது. ஆகவே ரோமாபுரியில் உள்ள ஏழைப் பிரயாணிகள் அத்தனை பேரும் விடியுமுன் அங்கே வரிசையில் நிற்பார்கள் என்று மேல்படுக்கையில் இருந்த போலந்து தேசத்து வாலிபர் எச்சரித்து, தம்முடைய கடிகாரத்தில் ஐந்து மணிக்கு மணியடிக்க ஏற்பாடு செய்தார். அந்த வரிசையின் வரலாற்றை அடுத்த இதழில் எழுதுகிறேன்.