காலண்டரில் ஓடும் ஆறு

புரட்டாசி கடைசியில் கோவில்பட்டிக்குப் போகிறவர்கள் ரயிலில் ஜன்னலோரம் இடம் பிடித்துக்கொள்வது நல்லது. விருதுநகர் தாண்டினால் இரண்டு பக்கமும் கரிசல். உழுது போட்ட நிலம் சில இடங்களில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. சில இடங்களில் விதைப்பே முடிந்துவிட்டது. மழை வருவதற்கு முன்பே காய்ந்த மண்ணில் விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்ப்பது இந்தப் பக்கத்து வழக்கம். வருஷத்துக்கு எழுநூறு மில்லிமீட்டர் சொச்சம் மழை, அதிலும் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில். ஊரில் 1901-ஆம் ஆண்டிலிருந்து ஒரு வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பருத்தி, சோளம் என்று அதன் கவலை முழுக்க மானாவாரிதான். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஒரு வேம்பு, இரண்டு பனை, மற்றதெல்லாம் சீமைக்கருவேலம்.

நான் போனது பயிர் பார்க்க இல்லை, படம் பார்க்க. காலண்டர் ஓவியர் சி.கொண்டையராஜு வாழ்ந்து வரைந்த ஊர் இது. 1898-இல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் இருந்து, நாடகக் கம்பெனிகளுக்கு சீன் எழுதி, கடைசியில் கோவில்பட்டியில் நிலைகொண்டு 1976-இல் இங்கேயே முடிந்தவர். டி.எஸ்.சுப்பையா, டி.எஸ்.அருணாசலம், மு.ராமலிங்கம், செண்பகராமன் என்று அவரைச் சுற்றி ஒரு சீடர் கூட்டமே இருந்தது. தமிழ்நாட்டில் ஐம்பது வயது கடந்த எவருக்கும் அவர்களுடைய லட்சுமியையோ முருகனையோ தெரியாமல் இருக்காது. பெயர்தான் தெரியாது.

பஜாரில் படத்துக்குக் கண்ணாடி போட்டுத் தரும் கடை ஒன்றில் பழைய படங்கள் சுவர் முழுக்க மாட்டியிருந்தன. கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். "வாங்க அண்ணாச்சி, சாமி படமா, கல்யாணப் படமா?" என்றார். சும்மா பார்க்கத்தான் என்றதும் அவர் முகம் கொஞ்சம் வாடியது. ஆனாலும் ஸ்டூலைத் தள்ளிப் போட்டார்.

நான் சாமியைப் பார்க்கவில்லை, சாமிக்குப் பின்னால் இருப்பதைப் பார்த்தேன். கஜலட்சுமிக்குப் பின்னால் ஒரு ஏரி, ஏரி நிறையத் தாமரை, அன்னம். சிவனுக்குப் பின்னால் பனிமலை. கிருஷ்ணனுக்குப் பின்னால் வளைந்து ஓடும் ஆறு, கரையில் பூத்துத் தொங்கும் கொடி, பசு. வள்ளி தெய்வானையோடு நிற்கும் முருகனுக்கு மயிலும் அருவியும். வெளியே பேருந்து நிலையத்தில் குடத்தோடு நிற்கும் ஊருக்கும் இந்தச் சுவருக்கும் சம்பந்தமே இல்லை. நாடக சீன் எழுதிய கை என்பது தெரிகிறது. தோட்டத்து சீன், காட்டு சீன், தர்பார் சீன் என்று பின்திரை மாறினால் கதை மாறும் மேடையிலிருந்து வந்தவர்கள். அந்தப் பின்திரைதான் சுருங்கி, சாமிக்குப் பின்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது.

பையில் ஒரு ஜப்பானிய மரப்பலகை அச்சுப் படங்களின் தொகுப்பு இருந்தது. ரயிலில் புரட்டியபடி வந்தது. அதைத் திறந்து கண்ணாடி மேஜைமேல் வைத்தேன். இந்த ஊரில் அந்தப் புத்தகத்துக்கு வேலை இருக்கிறது. ஏனென்றால் ஜப்பானின் பலவண்ண அச்சுக்கலை பிறந்ததே காலண்டரில்தான்.

பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே சந்திர மாதக் கணக்கு. முப்பது நாள் மாதம் நெடுமாதம், இருபத்தொன்பது நாள் மாதம் குறுமாதம். எந்த மாதம் நெடியது என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். வீட்டு வாடகையும் கடன் தவணையும் அதைப் பொறுத்தது. நாட்காட்டி அச்சிடும் உரிமையோ அரசு அனுமதி பெற்ற சிலரிடம் மட்டும். எனவே எடோ நகரத்து ரசிகர்கள் தந்திரம் செய்தார்கள். பார்க்க வெறும் அழகிய படம், ஆனால் உடையின் பூவேலைப்பாட்டுக்குள் மாதங்களின் எண்கள் ஒளிந்திருக்கும். 1765-இல் அவர்கள் ஒருவருக்கொருவர் போட்டி போட்டுக்கொண்டு இப்படிப் படங்கள் செய்வித்தபோது, செலவைப் பார்க்காமல் வண்ணத்துக்கு ஒரு பலகை என்று செதுக்கினார்கள். சுசுகி ஹாருநொபு அந்த ஆண்டு வரைந்த ஒரு படத்தில் திடீர் மழை. உலரப்போட்ட உடையை எடுக்க ஒரு பெண் ஓடிவருகிறாள், கால் செருப்பு ஒன்று கழன்று கிடக்கிறது. கொடியில் காற்றில் துடிக்கும் அந்த உடையில்தான் அந்த ஆண்டின் நெடுமாதங்கள் எழுதியிருக்கின்றன.

கடைக்காரர் அந்தப் பக்கத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். "மழையக் கோடு கோடா போட்டிருக்கான். நம்ம ஆளுங்க மழைய வரையவே மாட்டாங்க. சாமி நனைஞ்சிரும்ல" என்றார்.

அவர் விளையாட்டாகச் சொன்னதில் விஷயம் இருந்தது. ஜப்பானியப் படங்களில் இயற்கை என்பது முதலில் பருவம். பிளம் பூத்தால் குளிர் விடைபெறுகிறது. மானும் சிவந்த மேப்பிள் இலையும் சேர்ந்தால் இலையுதிர் காலம். நிலாவில் வாத்துக்கூட்டம் பறந்தால் அதுவும் அந்தக் காலத்தின் முதிர்ச்சி. பைன் மரத்தையும் கொக்கையும் சேர்த்துப் போட்டால் நீண்ட ஆயுள். ஹிரோஷிகே 1857-இல் ஷின் ஓஹாஷி பாலத்தின்மேல் கொட்டவிட்ட மழையில் சாமி யாரும் இல்லை. குடையையும் பாயையும் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு ஓடும் சாதாரண ஜனங்கள்தான். இன்ன ஊர், இன்ன பாலம், இன்ன மாதிரி மழை. நனைகிறவர்களின் படம் அது. முப்பது ஆண்டு கழித்து அதைப் பார்த்து வான்கோ தைல வண்ணத்தில் பிரதி எடுத்தார்.

கொண்டையராஜு கூட்டத்தின் இயற்கையில் பருவமே கிடையாது. தை மாதத் தாளைக் கிழித்தாலும் சித்திரைத் தாளைக் கிழித்தாலும் மேலே அதே தாமரை, அதே நிறைந்த ஏரி. கீழே இருக்கும் தாளில் ராகு காலம், எமகண்டம், சந்திராஷ்டமம் என்று காலம் நிமிஷக் கணக்கில் ஓடுகிறது. மேலே காலம் நின்றுபோயிருக்கிறது. எடோக்காரன் நாளைப் படத்துக்குள் ஒளித்துவைத்தான். நம்மவர்கள் படத்திலிருந்து நாளைப் பிரித்துத் தனியாகத் தைத்துவிட்டார்கள்.

இதைக் குறையாகச் சொல்லும் விமர்சகர்கள் உண்டு. இறக்குமதி சீனரி, மிட்டாய் வண்ணம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மழை குறைந்த ஊரில் எட்டு மாதம் காய்ந்த மண்ணைப் பார்ப்பவன், வீட்டுச் சுவரிலும் அதையே மாட்டிவைத்துப் பார்க்க வேண்டுமா? தாமரை இங்கே செல்வம், நிறைந்த ஏரி இங்கே வேண்டுதல். தவிர, ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் புகழ்பெற்ற அலைக்கு நீலம் தந்ததும் ஐரோப்பாவில் கண்டுபிடித்த சாயம்தான். வெளியூர்ச் சரக்கு கலக்காத அச்சுக்கலை எங்கேயும் இல்லை. வேலைப் பங்கீட்டிலும் ஒற்றுமை இருக்கிறது. அங்கே வரைபவர், செதுக்குபவர், அச்சடிப்பவர், பணம் போடுகிற பதிப்பாளர் என்று நாலு பேர். இங்கே ஓவியர் கோவில்பட்டியில். மூலப் படத்தை வண்ணம் வண்ணமாகப் பிரித்து லித்தோவுக்கு எழுதிய, பெயர் தெரியாத கைகள் சிவகாசியில்.

மறுநாள் கழுகுமலைக்கு பஸ் ஏறினேன். எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் பாதியில் விட்டுப்போன வெட்டுவான் கோயிலைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது இறங்கும்போது பார்த்த மயில்களைப் பற்றி. மலையடிவாரத்துப் புஞ்சையில் ஏழெட்டு மேய்ந்துகொண்டிருந்தன. வரப்பில் நின்றவர் கல்லைத் தேடிக்கொண்டே, "முருகன் வாகனம்னு சொல்லி விட்டுருதாக. போட்ட மக்காச்சோளத்த ஒண்ணு விடாம பொறுக்கிருச்சு. அடிச்சா கேஸு" என்றார். காலண்டரில் வேலுக்குப் பக்கத்தில் தோகை விரித்து நிற்கும் அதே பறவை. சுவரில் பார்த்தால் கை எடுத்துக் கும்பிடுவதும், காட்டில் இறங்கினால் கல்லை எடுப்பதும் ஒரே ஆள்தான். படத்தில் இந்தச் சண்டை ஒரு நாளும் ஏறியதில்லை.

எழுத்தில் ஏறியது. அதுதான் இந்த ஊரின் விசித்திரம். கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவல் கி.ராஜநாராயணனுக்கும் கு.அழகிரிசாமிக்கும் சொந்த ஊர். பின்னால் பூமணி, கோணங்கி, சோ.தர்மன் என்று ஒரு வரிசை. பருத்தி வெடிப்பது, கம்மாய் வற்றுவது, கூகை அலறுவது, பஞ்சத்தில் மாடு விற்பது எல்லாம் அவர்கள் எழுத்தில் இருக்கிறது. கொண்டையராஜு ஏரியும் அன்னமும் வரைந்துகொண்டிருந்த அதே ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பக்கத்து ஊர்க்காரர்கள் வெயிலை எழுதிக்கொண்டிருந்தார்கள். ஹிரோஷிகே தன் ஊர் மழைக்குச் செய்ததைக் கரிசலுக்குச் செய்தது பேனாதான், தூரிகை இல்லை. ஓவியரும் எழுத்தாளர்களும் டீ குடித்த கடை ஒன்றாகக்கூட இருந்திருக்கலாம்.

திரும்பும் வழியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் முற்றத்தில் குச்சி உலரப்போட்டிருந்தார்கள். மேற்கே லேசாகக் கறுத்தது. பெண்கள் நாலா பக்கமும் ஓடிவந்து அள்ளினார்கள். ஹாருநொபுவின் பெண்ணுக்கு இருந்த அதே அவசரம். "மழை வேணும்தான், காட்டுல மட்டும் பேஞ்சாப் போதும்" என்றார் ஒரு அக்கா. ஐந்து சொட்டு விழுந்து நின்றுவிட்டது.

சாயங்காலம் மறுபடியும் கண்ணாடிக் கடை. அடுத்த ஆண்டு காலண்டர் ஆல்பம் வந்திருந்தது. சிவகாசிக்காரர்கள் இதை ஆடிப்பெருக்கன்றுதான் வெளியிடுவது வழக்கம். ஆற்றில் புதுத் தண்ணீர் வரும் நாளில், ஆறில்லாத ஊரிலிருந்து. புரட்டினேன். முருகன், லட்சுமி, வேளாங்கண்ணி மாதா, மெக்கா, குழந்தைகள், சுவிட்சர்லாந்து. இப்போது எல்லாம் கம்ப்யூட்டர் வேலை. அருவி இன்னும் பளபளக்கிறது.

"கரிசல் காட்டைப் போட்டு ஒரு படம் வந்தா வாங்குவாங்களா அண்ணாச்சி? பருத்தி வெடிச்சு நிக்கிற மாதிரி?"

அவர் யோசிக்கவே இல்லை. "பருத்திக் கமிஷன் கடைக்காரன் ஒருத்தன் வாங்குவான். மத்தவனுக்கெல்லாம் தண்ணி வேணும். போன வருஷம் அருவி போட்ட படம் தீந்துபோயி நான் திருப்பி ஆர்டர் போட்டேன். நீங்க ஒண்ணு எடுத்துக்கிடுங்க, கண்ணாடிக்கு மட்டும் காசு குடுத்தாப் போதும்."