கட்டி வைத்தலும் கடமையே

மிதிவண்டித் திருட்டை ஊரார் சிறு திருட்டென்றே எண்ணுகின்றனர். நகை களவு போனால் தெருவே திரண்டு வந்து விசாரிக்கும். மிதிவண்டி போனாலோ, "பழைய சைக்கிள்தானே!" என்ற சொல்லோடு முடிந்துவிடும். ஆனால் பால்காரருக்கும் மீன் விற்பவருக்கும் அதுவே அன்றாடப் பிழைப்பு. தொலைவிலுள்ள பள்ளிக்குச் செல்லும் பெண்பிள்ளைக்கு அதுவே படிப்பின் வாசல்.

எங்கள் வீட்டில் அந்த வாசல் ஒருமுறை அடைபட இருந்தது. 1996ஆம் ஆண்டு என் மகள் பதினோராம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். மேல்நிலைப் பள்ளிக்கு எங்கள் ஊரிலிருந்து நான்கு கிலோமீட்டர் செல்ல வேண்டும். ஒரு மாலை, நூலக வாசலில் வண்டியை நிறுத்தி, பின் சக்கரத்தைப் பூட்டிவிட்டு உள்ளே சென்றாள். திரும்பி வந்தபோது சாவி மட்டுமே அவளிடம் மிஞ்சியிருந்தது.

"பெண்பிள்ளை இவ்வளவு தூரம் நடந்து போக வேண்டாம். படித்தவரை போதும். எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்" என்றார் என் மாமியார். மகள் ஒன்றும் பேசாமல் புத்தகப் பையைப் பரணில் வைக்கப் போனாள். நான் அவளைத் தடுத்தேன்.

"மாமி, ஒட்டகத்தைக் கட்டிவிட்டு, அதன் பிறகு இறைவன் மீது பொறுப்புச் சாட்டும்படியல்லவா நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள்? இன்னொரு வண்டி வாங்குவோம். இறுகக் கட்டுவோம்" என்றேன். மாமியார் சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, தாம் சேர்த்து வைத்திருந்த சீட்டுப் பணத்தை எடுத்து நீட்டினார். அந்தப் பணத்தில் பழைய வண்டியொன்று வாங்கினோம்.

வண்டியை விற்ற கடைக்காரர் பூட்டும் முறையையும் விளக்கினார். பின் சக்கரத்தில் வளையமாகப் பொருத்திய பூட்டு, சக்கரம் சுழல்வதைத் தடுக்குமேயன்றி வண்டியைத் தூக்கிச் செல்வதைத் தடுக்காது. ஆகவே தடித்த சங்கிலியைப் பிரேமுக்குள்ளும் பின் சக்கரத்துக்குள்ளும் நுழைத்து, ஆழ ஊன்றிய கம்பத்தோடு சேர்த்துப் பூட்ட வேண்டும். கம்பம் குட்டையாயிருந்தால் வண்டியை அதன் மேலாக உருவிவிடலாம். முன் சக்கரத்தை மட்டும் பிணைத்தால், அதைக் கழற்றிப் போட்டுவிட்டு மற்றதைக் கொண்டுபோய்விடலாம். சங்கிலி தளர்ந்து தொங்கினால் கடப்பாரையை நுழைத்து நெம்ப இடமுண்டாகும். பூட்டு தரையில் கிடந்தால் தரையின்மேல் வைத்தே சுத்தியலால் உடைப்பது எளிதாகும். மெல்லிய கம்பிவடத்தையோ குறட்டினாலேயே வெட்டிவிடலாம்.

இன்னொன்றும் சொன்னார். ஒவ்வொரு வண்டியின் பிரேமிலும் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். பெடல் அச்சின் அடியிலோ இருக்கையைத் தாங்கும் குழாயிலோ அதைக் காணலாம். அந்த எண்ணைக் குறித்து, விலைச்சீட்டோடு பத்திரப்படுத்த வேண்டும். ஒரே நிறமும் ஒரே தயாரிப்புமான வண்டிகள் பல இருக்கையில், காவல் நிலையத்தில் "இது என்னுடையது" என்று நிறுவ அவ்வெண்ணே சான்றாகும்.

அந்தப் பழைய வண்டியிலேயே என் மகள் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தாள். தேர்வு முடிவு வந்த நாளில் ஊரெங்கும் இனிப்பு வழங்கியவர் என் மாமியார்தாம்.

இன்று அரசுப் பள்ளிகளில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கப்படுகிறது. அருமைச் சகோதரிகளே, வண்டி வீட்டுக்கு வரும் நாளிலேயே உறுதியான சங்கிலியும் பூட்டும் வாங்கிக் கொடுங்கள். எண்ணைக் குறித்து வையுங்கள். அதன்பின் பிள்ளையை மன நிம்மதியோடு பள்ளிக்கு அனுப்புங்கள்.