திறவுகோல் வைக்கும் இடம்

சேமித்து வைத்தல் அறிவுடைமை என்பர். ஆயின், எதனை எங்கே சேமித்தல் வேண்டும் என்றறிதல் அதனினும் பெரிய அறிவுடைமையாம். இவ்வுண்மையை யாம் நூலிற் கற்றிலேம். எமது பிழையினாற் கற்றோம். அதனை ஈண்டு மறையாது எழுதத் துணிந்தோம்.

எம் ஊர் மூதாட்டியர் சிலர் பாடிய ஒப்பாரிகளையும், அவற்றோடு கலந்து அவர்கள் கூறிய வாழ்க்கைச் செய்திகளையும் கேட்டெழுதும் பணியைச் சென்ற ஆண்டு மேற்கொண்டோம். தம் இசைவின்றி அவற்றைப் பிறர்க்குக் காட்டலாகாது என்பதே அவர்கள் விதித்த ஒரே நிபந்தனை. எழுதியவற்றைக் 'கிட்' என்னும் கருவியின் துணையாற் காத்து வந்தோம். லினக்ஸ் ஆக்கத்திற்கு உதவும் பொருட்டு லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் 2005-ஆம் ஆண்டில் இயற்றியது இக்கருவி. ஒரு சொல்லைத் திருத்திப் பதிந்தாலும் பழைய பாடம், புதிய பாடம், பதிந்தவர் பெயர், நாள் ஆகிய யாவும் அதன்கண் நிற்கும். பாடபேதம் நோக்கும் தமிழ் மாணவர்க்கு இதனினும் இனியது யாது?

தொகுப்பின் படியைக் கிட்ஹப் தளத்தில், பிறர் காணவியலாத களஞ்சியமொன்றில் வைத்தோம். அத்தளம் 2021 ஆகஸ்டு 13 முதல் இத்தகைய பணிக்குக் கடவுச்சொல்லை ஏற்பதில்லை. அதற்கு ஈடாக 'டோக்கன்' என்னும் நீண்ட எழுத்துத்தொடரை இடலாம். ஒவ்வொரு முறையும் அதனை இடுதல் எமக்குப் பெருஞ் சலிப்பாயிற்று. 'ஸ்டோர்' என்னும் துணைநிரலை அமைத்துவிடின், ஒருமுறை இட்டதனை அது வட்டில் எழுதிவைத்து, மீண்டும் எம்மைக் கேளாது என்றறிந்தோம். பலரும் ஒரே பெயரிற் புகுந்து பழகும் பொதுக் கணினியொன்றில் அவ்வாறே செய்தோம். சலிப்பு நீங்கியது, அச்சமும் உடன் நீங்கியதே எம் பேதைமை.

ஒரு திங்கள் கழிந்தபின், முதலாண்டு மாணவர் ஒருவர் எம்மிடம் வந்து, "அண்ணா, அந்தக் கணினியில் ஒரு கோப்பைத் திறந்தேன், உங்கள் பெயரும் ஏதோ நீண்ட எழுத்துகளும் இருக்கின்றனவே, என்ன அது?" என்று வினவினார். எமக்கு மெய் நடுங்கிற்று. புள்ளியில் தொடங்கும் பெயருடைமையால் கண்ணுக்கு எளிதிற் புலனாகாத அக்கோப்பில், எம் பெயரும் டோக்கனும் தளத்தின் பெயரும் ஒரே வரியில், மறைப்பேதுமின்றி விளங்கின. கோப்பினை உரியவர் மட்டுமே படிக்கலாம் என்னும் காவல் உண்டு. ஆயின் அனைவரும் ஒரே பெயரிற் புகுமிடத்து, அனைவரும் உரியவரே அல்லரோ?

கோப்பினை அழித்தல் போதாது. முன்னரே ஒருவர் படியெடுத்திருத்தல் கூடும். ஆதலின் முதற்கண் தளத்திற் புகுந்து டோக்கனைச் செல்லாததாக்கினோம். அதன் பின்னரே கோப்பினை நீக்கினோம். பிறகு களஞ்சியத்தின் வரலாற்றை ஆராய்ந்தோம். அயலார் எழுதிய வரி ஒன்றுமில்லை. எனினும் அவ்வரலாறு எழுதியவரைக் காட்டுமேயன்றிப் படித்தவரைக் காட்டாது. அவ்வையம் இன்றும் எம் நெஞ்சினின்று நீங்கிற்றில்லை.

இப்பொழுது எமது சொந்தக் கணினியிலேயே இப்பணியைச் செய்கின்றோம். 'கேச்' என்னும் துணைநிரல் டோக்கனை வட்டில் எழுதாது, நினைவகத்தில் மட்டும் வைத்து, வேறு கட்டளை இல்லாவிடில் 15 நிமிடங்களில் மறந்துவிடும். இயங்குதளத்தின் சாவிக்கொத்தில் மறையாக்கம் செய்து வைத்தலும் நன்று. டோக்கனையும் ஒரு களஞ்சியத்திற்கு மட்டும் உரியதாக, குறித்த நாளில் முடிவதாகப் பெற்றுள்ளோம்.

மூதாட்டியரிடம் சென்று நிகழ்ந்ததைக் கூறினோம். கணினியைப் பற்றி ஒன்றும் அறியாத ஒருவர், "சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு வந்தாயாக்கும்?" என்றார். அதனினும் தெளிவாக எம் பிழையை எவரும் விளக்கினாரிலர். சிறிது நேரம் வாளா இருந்து, "சரி, விட்ட இடத்திலிருந்து எழுதிக்கொள்" என்று பாடத் தொடங்கினார். யாம் தலைகுனிந்து எழுதினோம்.