நியாய விலை

எங்கள் கிளைக்கு நகைக் கடன் மதிப்பீட்டுக்காக ஒரு பெரியவர் வருகிறார். உரைகல்லில் இழுத்துப் பார்ப்பார். கல்லையும் அரக்கையும் அழுக்கையும் கழித்து எடை சொல்வார். நான் பார்த்த பத்து வருஷத்தில், தான் மதிப்பிட்ட நகை எதையும் அவர் வாங்கியதில்லை. இதில் கவனிக்க ஏதோ இருக்கிறது என்று போன மாதம் வரை எனக்குத் தோன்றவில்லை.

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் தெருக் கோடி வீட்டில் ஓர் அம்மா தனியாக இருக்கிறார். கணவர் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இறந்து இரண்டு வருஷமாகிறது. "தம்பி, நீங்க பேங்க்ல இருக்கீங்க. இதுக்கு என்ன வெலை சொல்லலாம்?" என்று பரணிலிருந்து இறக்கிய கோணியை அவிழ்த்துக் காட்டினார். உள்ளே ஓர் ஏர்கன். டயானா, மாடல் 27. ஊரில் மாமாவிடம் இதே மாடல் இருந்தது. அதைத் தொட எனக்கு அனுமதி கிடைத்ததே இல்லை. இதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

ஜெர்மனியில் ராஸ்டாட் என்ற ஊரில் செய்தது. முத்திரையில் வேட்டைத் தேவதை டயானா, வில்லை எறிந்துவிட்டுத் துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். முத்திரை தேயவில்லை. உருளையின் பின்னோரத்தில் பொடி எண்களில் 3, 64. அதாவது மார்ச் 1964. துளை 4.5 மி.மீ. இது முக்கியம். 2016ஆம் வருஷத்து ஆயுத விதிகளின்படி துளை அதைவிடப் பெரிதானாலும், ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்பட்டாலும் உரிமம் வேண்டும். திருகுகளின் தலை சிதையவில்லை. யாரும் கழற்றிப் பார்த்ததில்லை என்று அர்த்தம். குழலை மடக்கினேன். கீலில் ஆட்டமில்லை. ஒரு குண்டு போட்டுச் சுவரோரப் பலகையில் சுட்டதில் வேகம் போதவில்லை. பிஸ்டன் தலையிலிருக்கும் தோல் வாஷர் எண்ணெய் காணாமல் காய்ந்திருக்க வேண்டும். அதை மாற்றிக்கொள்ளலாம். மாற்ற முடியாதது இரும்பின் கருநீல மெருகு. கை பிடித்த இடத்தில் மட்டும் அது தேய்ந்திருந்தது. மகன் பாலிஷ் போட்டுத் தரட்டுமா என்று போனில் கேட்டானாம். வேண்டவே வேண்டாம் என்றேன். கைபட்டுத் தேய்ந்தது அதன் வயசு. பட்டறையில் ஏற்றிய பளபளப்பு பொய். அதற்கு விலை இறங்கத்தான் செய்யும்.

"சொவத்து மேல காலி டப்பாவை வெச்சு சுடுவார். குருவியை மட்டும் சுடக்கூடாதுன்னு சொல்லியிருந்தேன்" என்றார் அம்மா. சாலிம் அலி சிறுவனாக ஏர்கன்னால் வீழ்த்திய ஒரு மஞ்சள் தொண்டைக் குருவிதான் அவரைப் பறவையியலுக்குக் கொண்டு வந்தது. 1985இல் வெளியான அவருடைய சுயசரிதைக்கும் அந்தக் குருவியின் வீழ்ச்சியே தலைப்பு. அந்தத் துப்பாக்கி கிடைத்தால் அதன் விலை வேறு. டிரில் மாஸ்டரின் டப்பாக்களுக்குச் சந்தையில் விலை கிடையாது. அவற்றை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அது சரிதான்.

"எட்டாயிரம் சொல்லலாம்" என்றேன்.

"அப்ப நீங்களே எடுத்துக்குங்களேன் தம்பி" என்றார் உடனே. பேரமில்லை.

காலையில் வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். இரவு தூக்கம் பிடிக்கவில்லை. இதே நிலையிலிருந்த ஒன்று பதினெட்டாயிரத்துக்குக் கைமாறியது எனக்குத் தெரியும். வாஷர், ஸ்பிரிங், கூலி என்று மூவாயிரம் கழித்தாலும் பதினைந்து நிற்கும். மீதி ஏழாயிரம் எங்கே போயிற்று? நான் சொன்ன குறை ஒவ்வொன்றும் உண்மை. வாஷர் காய்ந்திருந்தது. மெருகு தேய்ந்திருந்தது. கூட்டுத்தொகை மட்டும் பொய்.

விமர்சனம் என்ற பெயரில் நான் எழுதியவற்றை அப்போது நினைத்துக்கொண்டேன். பிடிக்காதவரின் தொகுப்பில் நான் காட்டிய பலவீனங்கள் எதுவும் இட்டுக்கட்டியதல்ல. வரி, பக்கம் எல்லாம் சரியாக இருக்கும். நண்பரின் தொகுப்பில் இதே பலவீனங்களைக் கண்டும் வாஷர்தானே, மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறேன். தகவலில் நேர்மையாக இருந்துகொண்டே தீர்ப்பில் திருட முடியும். பார்வைக் கோளாறு என்று இதைச் சொல்லித் தப்ப முடியாது. பார்வை நன்றாகத்தான் இருந்தது. மதிப்பிட உட்கார்ந்தவனுக்கு அந்தப் பொருள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

காலையில் போய்ப் பதினைந்தாயிரம் சொல்லுங்கள் என்றேன். நான் வாங்கப் போவதில்லை என்றும் சொன்னேன். தாம்பரத்தில் பழைய துப்பாக்கிகள் சேர்க்கும் ஒருவரின் எண்ணைக் கொடுத்தேன். அவர் பதினாலுக்கு எடுத்துப் போனார். அது எனக்கு இன்னும் வேண்டியிருக்கிறது.

எண்ணை எழுதிக் கொடுக்கும்போது அம்மா கேட்டார்: "நேத்து ஏன் தம்பி எட்டுன்னீங்க?"

வாஷர் காய்ந்திருக்கிறது என்றேன்.