சேணத்தின் அடியில்



ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் குதிரைச் சந்தைக்கு நண்பர் ஒருவருடன் சென்றிருந்தேன். விற்பவர்கள் குதிரைகளை ஓட்டிக் காட்டினார்கள். வாங்க வந்த முதியவர் ஒருவரோ ஓட்டத்தைப் பாராமல், முதுகின்மேல் கிடந்த துணியை நீக்கி உள்ளங்கையால் தடவினார். செந்நிற மயிருக்கு நடுவே காசளவு வெள்ளை மயிர். "சேணப்புண்ணு ஆறின எடமுங்க" என்றார். அழுத்தத்தினால் மயிர்க்கால் கெட்ட இடத்தில் பின்னர் வெண்மயிரே முளைக்கும். பெரும்பாலும் அது மாறுவதில்லை.

அத்தகைய வெண்தழும்பு ஒன்றுக்கு நானே காரணமாயிருந்தவன்.

என் அப்பாரு கோயம்புத்தூர் ரயில் நிலையத்தில் ஜட்கா ஓட்டியவர். இரண்டு சக்கர வண்டியாதலால், முன்பாரம் மிகுந்தால் குதிரையின் முதுகு அழுந்தும். பின்பாரம் மிகுந்தால் வயிற்று வார் மேலே இழுபட்டு அறுக்கும். ஆகவே பயணிகளை முன்னும் பின்னுமாக நகர்த்தி உட்காரவைத்த பிறகே புறப்படுவார். சிலர் சலித்துக்கொள்வார்கள், அவர் பொருட்படுத்தமாட்டார். காலையில் முதுகைத் தேய்த்துத் துடைப்பார். காய்ந்த வியர்வையின் உப்பும் புழுதியும் சேர்ந்தால் தோலை உப்புத்தாள் போல் அராவிவிடும். மெத்தையைச் சற்று முன்னே வைத்து, மயிர் படிந்த போக்கிலேயே பின்னுக்கு இழுப்பார். முதுகெலும்பின்மேல் பாரம் தங்காதபடி நடுவில் துணியைத் தூக்கிவிடுவார். மாலையில் வண்டியை அவிழ்த்ததும் வியர்வைத் தடத்தைப் பார்ப்பார். ஈரத்தின் நடுவே ஓரிடம் மட்டும் உலர்ந்திருந்தால், அங்கேதான் அழுந்துகிறது என்று கண்டு, மறுநாள் மெத்தையைச் சரிசெய்வார்.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். ஒருநாள் அவசரத்தில், முதுகைத் துடையாமலே சேணத்தைப் பூட்டினேன். குதிரை காதுகளை மடக்கிக்கொண்டு கடிக்க வந்தது. சவுக்குக் காம்பினால் அடித்தேன். மூன்றாம் நாள் தோல் உரிந்து புண்ணாயிற்று.

துணியில் ஓட்டை போட்டுப் புண்ணை விலக்கி ஓட்டலாமே என்றார் வண்டி நிலையத்தில் ஒருவர். "ஓட்டையோட விளிம்பு சுத்தியும் அறுக்குமுங்க" என்று அப்பாரு மறுத்துவிட்டார். புண்பட்ட மிருகத்தை வேலைக்குப் பூட்டுவது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அவருக்குச் சட்டம் தெரியாது. மூன்று வாரம் வண்டி ஓடவில்லை. வீட்டில் இருவேளையும் சோளக் கஞ்சிதான். அவர் என்னை அடிக்கவில்லை. "கண்ணு, அது கடிக்க வந்தப்பவே தூக்கிப் பாத்திருக்கோணும்" என்று மட்டும் சொன்னார்.

எண்ணாகமம் 22ஆம் அதிகாரத்தில் பிலேயாம் தன் கழுதையை மூன்றுதரம் அடிக்கிறான். அந்தப் பகுதியைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். தூதனைக் காணாத தீர்க்கதரிசியின் கண்களைப் பற்றியே பேசினேன். விலகியதற்காக அடிபட்ட அந்த மிருகத்தின் பக்கம் நின்று ஒருநாளும் பேசவில்லை.

சென்ற மாதம் சபைக் கமிட்டிக் கூட்டத்தில் நம் சகோதரர் ஒருவர் கடுமையாகப் பேசினார். நானும் கடுமையாகவே பதிலளித்தேன். ஆண்டுக்கணக்காக ஒரே பொறுப்பைச் சுமந்து வருபவர் அவர். அதை மாற்றித் தரும்படி இருமுறை கேட்டும் இருந்தார்.

அந்தியூரிலிருந்து திரும்புகையில் இரவு ஒன்பது மணியாகிவிட்டது. நண்பரிடம் சொல்லி, அவர் வீட்டு வாசலில் இறங்கிக்கொண்டேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.